இத்தனை வாரம் என்ன செய்துகொண்டிருந்தாள்?

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கு இது. மனு போட்ட பெண்ணுக்கு வயது 27. திருமணமானவர், இரண்டு குழந்தைகளின் தாய். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்த மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துவந்ததால் மாதவிலக்கு வரவில்லை. அது வராததை அவர் சந்தேகப்படவும் இல்லை. வயிற்றில் இன்னொரு கரு வளர்வது தெரிந்து, மருத்துவமனைகளில் முடியாது என்று சொல்லிவிட, நீதிமன்றப் படியேறி, வழக்கும் முடிவதற்குள் 26 வாரமும் ஐந்து நாளும் ஆகிவிட்டன.

அக்டோபர் 9 அன்று நீதிபதிகள் ஹிமா கோலி, பி.வி.நாகரத்னா இருவரும் கருக்கலைப்புக்கு அனுமதி கொடுத்தார்கள். மறுநாள் எய்ம்ஸ் மருத்துவர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கரு உயிரோடு பிறக்க வாய்ப்பு இருக்கிறது, அதன் இதயத்துடிப்பை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டுமா, அப்படியே எடுக்க வேண்டுமா என்பதை நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டும் என்பது அதன் சாரம். 11-ஆம் தேதி அதே இரண்டு நீதிபதிகளும் இரு பக்கமாகப் பிரிந்தார்கள். துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தை எந்த நீதிமன்றம் நிறுத்தச் சொல்லும் என்று கேட்டு, முந்தைய உத்தரவிலிருந்து விலகினார் நீதிபதி கோலி. அந்தப் பெண் எடுத்த முடிவை மதிக்க வேண்டும், தாயைச் சார்ந்தே இருக்கும் கருவை அவரிடமிருந்து பிரித்துத் தனி ஆளாகப் பார்க்க முடியாது என்றார் நீதிபதி நாகரத்னா. வழக்கு, தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான மூன்று பேர் அமர்வுக்குப் போனது. 16-ஆம் தேதி அனுமதி மறுக்கப்பட்டது. பிரசவச் செலவை அரசு ஏற்கும், பிறந்தபின் தத்துக் கொடுக்க விரும்பினால் பெற்றோர் கொடுக்கலாம் என்று தீர்ப்பு சொன்னது.

விசாரணையின்போது எழுந்த கேள்விகளில் ஒன்று, இத்தனை வாரம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது. அந்தக் கேள்வியைக் கேட்க நீதிபதியாக இருக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில், பிரசவ வார்டு வராந்தாக்களில், பேருந்து நிலையப் பேச்சுகளில் அது ஓயாமல் ஒலிக்கிறது. “முன்னாடியே யோசிச்சிருக்கணும்.” “நாள் தள்ளிப்போனது கூடவா தெரியாது?” “வேணாம்னா ஒழுங்கா இருந்திருக்கணும்.” கருக்கலைப்பைப் பற்றி உலகம் முழுக்க நடக்கும் அறவிவாதத்தின் பாதி இந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். செயல் உன்னுடையது, அதன் விளைவும் உன்னுடையது, சுமந்துதான் ஆக வேண்டும் என்கிறது அந்த வாதம்.

அந்த வாதத்தைப் பழமைவாதம் என்று சொல்லி ஒதுக்க நான் விரும்பவில்லை. தன் செயலுக்குத் தான் பொறுப்பேற்பது நல்ல குணம். அதை விட்டுவிட்டு அறம் பேச முடியாது. ஆனால் பொறுப்பு என்று ஒன்று இருந்தால் அதில் பங்குள்ள எல்லோரிடமும் அது கேட்கப்பட வேண்டும். இங்கே அது ஒருத்தியிடம் மட்டும் கேட்கப்படுகிறது. கேட்கப்படும்போது அவள் ஏற்கெனவே தனியாக நிற்கிறாள்.

முதலில் அந்த 27 வயதுப் பெண்ணின் உடம்பைப் பார்ப்போம். பால் கொடுக்கும் காலத்தில் கரு தங்காது என்று நம் பாட்டிமார் சொல்வது மூடநம்பிக்கை இல்லை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள், வேறெதுவும் தராமல் தாய்ப்பால் மட்டுமே இரவும் பகலும் கொடுத்துவந்தால், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால், கருத்தரிக்காமல் இருக்கும் வாய்ப்பு 98 சதவீதம் வரை உண்டு என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட செய்தி. சிக்கல் அந்த நிபந்தனைகளில் இருக்கிறது. குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டினாலோ, இடையில் கஞ்சியோ பவுடர் பாலோ கொடுக்கத் தொடங்கினாலோ அந்தப் பாதுகாப்பு குறைந்துகொண்டே வரும். அதைவிட முக்கியம், பிரசவத்துக்குப் பின் முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே சினைமுட்டை வெளியாகிவிடலாம். அப்படி வெளியான முட்டை கருவாகிவிட்டால், நாள் தள்ளிப்போவது என்ற அடையாளமே அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காது. தள்ளிப்போக அங்கே நாளே இல்லை. குமட்டலையும் அசதியையும் மனச்சோர்வு மாத்திரையின் கணக்கிலும் கைக்குழந்தையோடு கழியும் இரவுகளின் கணக்கிலும் எழுதிக்கொள்வது இயல்பு. பிரசவம் முடிந்து வீடு திரும்பும் எத்தனை பெண்களுக்கு இதை யாராவது உட்காரவைத்துச் சொல்லி அனுப்புகிறோம்? தடுப்பூசி அட்டையைக் கொடுக்கிறோம், அடுத்த தேதியைச் சொல்கிறோம், காப்பர்-டி போட்டாயிற்றா என்று கேட்கிறோம். அவள் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கிச் சொல்ல நம் மருத்துவமனைகளில் யாருக்கும் நேரமில்லை.

சட்டத்துக்கு வருவோம். கருக்கலைப்பு இந்தியாவில் சட்டப்படி உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. 1860-இல் வெள்ளையர் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவு கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. மூன்று ஆண்டு வரை சிறை, கருவின் அசைவு தெரியத் தொடங்கியபின் என்றால் ஏழு ஆண்டு வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அந்தப் பிரிவுக்குள் வருவாள் என்று விளக்கம் வேறு சேர்த்தார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 88-ஆவது பிரிவாக அப்படியே தொடர்கிறது. 1971-இல் வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் இந்தக் குற்றத்தை நீக்கவில்லை. குறிப்பிட்ட காரணங்களுக்காக, பதிவுபெற்ற மருத்துவர் செய்தால் அவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று ஒரு விலக்கு மட்டும் கொடுத்தது. காரணம் போதுமானதா என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். பெண் சம்மதிக்கலாம், கேட்கலாம். தீர்மானிக்கும் அதிகாரம் அவளிடம் தரப்படவில்லை.

அந்தச் சட்டம் பிறந்த கதையும் முக்கியம். 1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் குழு அமைத்தார்கள். எருக்கங்குச்சியைச் செருகியும் கண்ட மருந்தைத் தின்றும், கைதேராத ஆட்களிடம் போய், ரத்தப்போக்கிலும் சீழ்பிடித்தும் செத்துக்கொண்டிருந்த பெண்களின் நிலை அந்தக் குழுவின் முன் இருந்தது. 1966-இல் அறிக்கை வந்தது. ஐந்து ஆண்டு கழித்துச் சட்டம் வந்தபோது அதில் ஒரு வாசகம் சேர்ந்திருந்தது: மணமான பெண்ணோ அவள் கணவனோ குழந்தைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்திய கருத்தடை முறை தவறிப்போனால், அதனால் வந்த கர்ப்பம் அவள் மனநலத்துக்குப் பெரும் கேடு என்று எடுத்துக்கொள்ளலாம். கூர்ந்து படித்தால் ‘தனிமனிதப் பொறுப்பு’ என்ற நிபந்தனை சட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது தெரியும். முறையாக மணந்து, முறையாகக் கருத்தடை செய்து, அதுவும் தோற்றுப்போனவளுக்குத்தான் இரக்கம். எதையும் பயன்படுத்த முடியாதவள், பயன்படுத்தக் கணவன் விடாதவள், மணமாகாதவள் யாரும் அந்த வாசகத்தில் இல்லை. அதனால் ஐம்பது ஆண்டுகளாக மருத்துவமனைப் படிவங்களில் ‘கருத்தடை தோல்வி’ என்ற காரணம் எழுதப்பட்டுக்கொண்டே வருகிறது. பல இடங்களில் அது உண்மையில்லை என்பது எழுதும் மருத்துவருக்கும் தெரியும், எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் தெரியும். தன் வாழ்க்கையைப் பற்றி உண்மை பேச வேண்டிய இடத்தில் ஒரு பெண்ணைப் பொய் சொல்ல வைப்பதில் என்ன அறம் இருக்கிறது?

2021 திருத்தம் அந்த வாசகத்தில் ‘கணவன்’ என்பதை எடுத்துவிட்டுத் ‘துணைவர்’ என்று எழுதியது. ஒரு மருத்துவரின் கருத்தோடு 20 வாரம் வரை, சில பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை என்று கெடுவும் நீண்டது. அடுத்த ஆண்டு, துணைவன் மணக்க மறுத்துவிட்ட 25 வயதுப் பெண் ஒருவர் 22 வார கர்ப்பத்தோடு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, அந்த 24 வாரப் பட்டியலில் மணமாகாதவர் இல்லை என்று சொல்லி மறுத்தார்கள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. மணமானவர், ஆகாதவர் என்று பிரிப்பது அரசமைப்புக்கு ஒவ்வாது என்றது. இந்தச் சட்டத்தின் நோக்கத்தைப் பொறுத்தவரை கணவன் செய்யும் வன்புணர்வும் வன்புணர்வே என்றது. குடும்பத்தாரின் சம்மதம் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்றும் சொன்னது. நம் காலத்தின் மேன்மையான தீர்ப்புகளில் ஒன்று அது. அதை எழுதிய நீதிபதி சந்திரசூட்தான் ஓர் ஆண்டு கழித்து 26 வார வழக்கில் மறுத்த அமர்வுக்கும் தலைமை தாங்கினார். அறம் எவ்வளவு கடினமான இடத்தில் நிற்கிறது என்பதற்கு இந்த இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படித்தால் போதும்.

பொறுப்பு பற்றிப் பேசும்போது ஆண்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொண்ட அறுவையை நம்பியிருக்கும் தம்பதிகள் 0.3 சதவீதம். ஆணுறை 9.5. தமிழ்நாட்டில் பெண் கருத்தடை அறுவை இன்னும் அதிகம். மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டவர்கள். அதே கணக்கெடுப்பில், கருத்தடை என்பது பெண்கள் சமாச்சாரம், ஆண் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான ஆண்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

இது தொன்றுதொட்டு இப்படியே இருந்ததில்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. ஆண் கருத்தடை அறுவைக்கு இந்தியாவில் முன்னோடியாக இருந்தது அன்றைய சென்னை மாநிலம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ.கோபாலசுவாமி பின்னர் சென்னை அரசின் தலைமைச் செயலாளராக இருந்தபோது இதை முன்னெடுத்தார். 1956 முதல் அறுவை செய்துகொண்ட ஏழைகளுக்கு 30 ரூபாய் வரை கொடுத்தார்கள். கிராமத்து ஆண்கள் வரிசையில் நின்றார்கள். காசு கொடுத்து ஏழையின் உடம்பில் கத்தி வைத்த முறையைக் குறை சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் கருத்தடை ஆணின் கடமையும்கூட என்ற எண்ணம் அப்போது உயிரோடு இருந்தது. அதைக் கொன்றது நெருக்கடி நிலை. 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுவதும் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு அறுவை நடந்தது, பெரும்பகுதி மிரட்டியும் பிடித்து இழுத்துவந்தும். அடுத்த தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது. அதன்பின் எந்த அரசும் ஆணின் பக்கம் துணிந்து திரும்பவில்லை. எதிர்த்து ஓட்டுப் போடுவான் என்று அரசு ஆணுக்குப் பயந்தது. பெண்ணிடம் அந்தப் பயம் அரசுக்கு இல்லை. கத்தி அவள் பக்கம் போய்விட்டது. ஆண் அறுவை எளிது, சில நிமிட வேலை, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டு பிரசவம் முடித்த பெண்ணைத்தான் மேசையில் படுக்கவைக்கிறோம். அவள் இன்னும் படுக்காத அந்த இடைவெளியில் கரு தங்கிவிட்டால், பொறுப்பில்லாதவள் என்கிறோம்.

காந்தியும் பொறுப்பைத்தான் பேசினார். 1935 டிசம்பரில் கருத்தடைக்காகப் போராடிய அமெரிக்கர் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து அவரோடு வாதாடியபோதும் காந்தி செயற்கைக் கருத்தடையை ஏற்கவில்லை. புலனடக்கமே வழி என்றார். அவர் அதை ஆண், பெண் இருவருக்குமே சொன்னார் என்பதை மறக்கக் கூடாது. பெரியார் வேறு முனையிலிருந்து வந்தார். கர்ப்பத்தடை பற்றி ‘குடி அரசு’ காலத்திலேயே எழுதினார். தாயின் உடல்நலத்துக்காக, நாட்டின் வறுமைக்காக என்று மற்றவர்கள் கருத்தடையை ஆதரித்தபோது, பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றார். பின்னாளில் தமிழ்நாடு குடும்பக் கட்டுப்பாட்டில் இந்தியாவுக்கே முன்மாதிரி ஆனது. ஆனால் பெரியார் சொன்ன காரணத்தை விட்டுவிட்டு, மற்றவர்கள் சொன்ன காரணங்களைப் பிடித்துக்கொண்டே அந்தப் பெயரை வாங்கினோம் என்று எனக்குத் தோன்றுகிறது. எண்ணிக்கை குறைந்தது. முடிவெடுக்கும் உரிமை அவளிடம் வந்து சேர்ந்ததா?

அரசு மருத்துவமனைக்குக் கருக்கலைப்புக்காக வரும் ஏழைப் பெண்ணைப் பின்தொடர்ந்தால் பதில் தெரியும். “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா, கையெழுத்து வேணும்” என்பார்கள். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்று சட்டம் சொல்வது அவளுக்குத் தெரியாது. சொல்பவருக்கும் தெரியுமா என்பது சந்தேகம். இரண்டு குழந்தை இருந்தால், “ஆபரேஷனும் சேர்த்துப் பண்ணிக்கிட்டா கலைக்கிறோம்” என்ற நிபந்தனை வரும். மாமியாருக்குத் தெரியாமல் வந்தவள், கணவனின் அடிக்குப் பயந்து வந்தவள் அங்கிருந்து திரும்பிப் போவாள். இரண்டு வாரம் போகும். ஸ்கேன் எடுக்க, ரத்தம் பார்க்க, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்க இன்னும் சில வாரங்கள். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம். மணமாகாத பெண்ணென்றால் பதிவு அறையிலேயே தொடங்கிவிடும் விசாரணை. பதினெட்டு நிறையாத பெண்ணென்றால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் போக வேண்டும். காதலித்த பையன் சிறைக்குப் போவான் என்ற பயத்தில் அவள் யாரிடமும் வாய் திறக்காமல் இருப்பாள். அப்படிப்பட்டவர்களின் பெயரை மருத்துவர் போலீசுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 தீர்ப்பு வழி திறந்திருக்கிறது. அந்தச் செய்தி எத்தனை மருத்துவமனை வாசலைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது?

மாத்திரையின் கதையும் இதே ரகம். மைஃபிப்ரிஸ்டோன், மைசோப்ரோஸ்டால் என்ற இரண்டு மாத்திரைகள் முதல் வாரங்களில் கருக்கலைப்பைக் கத்தியில்லாமல் முடித்துவிடும். 2002 முதல் இந்தியாவில் அனுமதி உண்டு, மருத்துவர் சீட்டோடு வாங்கலாம். தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் ஆய்வு செய்து, நாடு முழுவதற்கும் கணித்து, ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழ் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2015-இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1 கோடியே 56 லட்சம். அதில் மருத்துவமனைகளில் நடந்தவை 34 லட்சம். சுமார் 1 கோடியே 15 லட்சம், மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டவை. மீதி 8 லட்சம் வேறு வழிகளில், பெரும்பாலும் ஆபத்தான வழிகளில். சட்டம் வந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் நாலில் மூன்று பங்குக்கு மேல் மருத்துவமனையை ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள் என்றால், அங்கே அவர்களை எப்படி நடத்துகிறோம் என்று நாம்தான் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் நிலைமை மற்ற மாநிலங்களைவிட இறுக்கம். கெடுபிடிக்குப் பயந்து பெரும்பாலான மருந்துக்கடைகள் இந்த மாத்திரையை வைப்பதே இல்லை. கரு தங்காமல் தடுக்கும் அவசர கருத்தடை மாத்திரையைக் கேட்டால்கூட, சீட்டில்லாமல் விற்கச் சட்டத்தில் தடையில்லாத அந்தப் பொருளுக்கும், “இல்லம்மா” என்ற பதிலே பல கடைகளில் கிடைக்கிறது. முன்னாடியே யோசித்திருக்க வேண்டும் என்று சொல்லும் சமூகம், முன்னாடி யோசித்தவளுக்குக் கடையை மூடிவைக்கிறது.

இனி எதிர்வாதத்தின் வலுவான பகுதி. கருவுக்கு மதிப்பு ஏதும் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. நம் சாத்திரங்கள் கருவழிப்பைப் பெரும்பாவங்களில் வைத்தன. மதத்தைத் தள்ளிவைத்தாலும், கொல்வது ஏன் தவறு என்றால் ஓர் எதிர்காலம் பறிக்கப்படுகிறது, அந்த எதிர்காலம் கருவுக்கும் உண்டு என்று அமெரிக்க மெய்யியலாளர் டான் மார்க்விஸ் 1989-இல் வைத்த வாதத்துக்கு எளிதில் பதில் சொல்லிவிட முடியாது. அதற்குமுன், நம் கருக்கலைப்புச் சட்டம் வந்த அதே 1971-இல், இன்னொரு மெய்யியலாளர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் வேறு முனையைக் காட்டியிருந்தார். நீங்கள் கண்விழிக்கும்போது ஓர் இசைக்கலைஞரின் பழுதான சிறுநீரகத்துக்குப் பதிலாக உங்கள் ரத்த ஓட்டத்தை அவரோடு இணைத்திருக்கிறார்கள், ஒன்பது மாதம் அசையாமல் கிடந்தால் அவர் பிழைப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடந்தால் அது பெருங்கருணை. கிடந்தே ஆக வேண்டும் என்று யாராவது உங்களைக் கட்டிப்போட முடியுமா? கருவை முழு மனிதராகவே ஒப்புக்கொண்டாலும், இன்னொருவரின் உடம்பைப் பயன்படுத்தும் உரிமை அதனால் மட்டும் வந்துவிடாது என்பது அவர் வாதம். அவள் விரும்பித்தானே உறவு கொண்டாள், ஆகவே பொறுப்பு அவளுடையது என்று அவருக்கு மறுப்புச் சொன்னவர்கள் பலர். அந்த மறுப்பு, இருவரும் சமமாக விரும்பி, இருவரும் எல்லாம் அறிந்து கூடும் ஓர் உலகத்தை முன்வைத்துப் பேசுகிறது. மறுத்தால் அடி விழும் வீடுகளும், கணவனுக்கு மறுப்புச் சொல்லும் உரிமையையே குற்றவியல் சட்டம் அங்கீகரிக்காத நாடும் அந்த உலகத்தில் இல்லை.

எட்டு வாரக் கருவும் இருபத்தாறு வாரக் கருவும் ஒன்றில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 26 வாரத்தில் பிறந்த குழந்தைகள் நல்ல தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைகளில் பிழைக்கின்றன. அந்தக் கட்டத்தில் நீதிபதி கோலிக்கு வந்த தயக்கம் எனக்கும் வருகிறது. வராதவரை நான் சந்தேகப்படுவேன். அந்தத் தயக்கத்தைத் தீர்க்க வேண்டிய இடம் 26-ஆவது வாரம் இல்லை. ஆறாவது, எட்டாவது வாரம். அந்த வாரங்களில் கேள்வி கேட்காமல், கையெழுத்துக் கேட்காமல், காரணம் எழுதச் சொல்லாமல் அவள் முடிவை ஏற்றுக்கொள்ளும் நாடுதான், பிந்தைய வாரங்களில் கருவின் பெயரால் அவளிடம் பேசும் தகுதியைப் பெறும்.

பெண் முடிவெடுக்கட்டும் என்று சொல்பவர்களிடம் கேட்கப்படும் இன்னொரு கேள்வி, சேலம், தருமபுரி, உசிலம்பட்டி பக்கத்து ஊர்களின் பெயரைச் சொல்லிக் கேட்கப்படுகிறது. பெண் என்று தெரிந்ததும் கலைப்பார்களே, அதுவும் உரிமையா? நியாயமான கேள்வி. பெண்சிசுக்கள் கள்ளிப்பாலுக்குத் தப்ப 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. ஸ்கேன் வந்தபின் கொலை கருவறைக்குள் போனது. 1994-இல் பாலினம் அறியும் சோதனையைத் தடை செய்து சட்டம் வந்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்குப் பெண் எண்ணிக்கை தமிழ்நாட்டில் 1991-இல் 948, 2001-இல் 942, 2011-இல் 943. அந்தக் கருக்கலைப்புகளுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டவள் பெண்தான். ஆனால் வரதட்சணையை நிர்ணயித்தவர்கள் யார், அடுத்ததும் பொட்டையா என்று கேட்டவர்கள் யார் என்பதை அந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள். சட்டம் அங்கே சரியான இடத்தில் கைவைத்தது. தண்டனையை ஸ்கேன் எடுத்துச் சொல்பவர் மீதும் கட்டாயப்படுத்துபவர் மீதும் வைத்தது, வற்புறுத்தலுக்கு ஆளான பெண்ணுக்கு விலக்குக் கொடுத்தது. கருக்கலைப்பையே இறுக்கிப்பிடித்தால் பெண்சிசு பிழைக்கும் என்று நம்பி அதிகாரிகள் செய்யும் கெடுபிடி, ஸ்கேனில் பாலினம் தெரியாத எட்டாவது வாரத்தில் வந்து நிற்கும் பெண்ணைத்தான் முதலில் விரட்டுகிறது.

சட்டத்தில் எனக்கு ஆறாத இடம் ஒன்று உண்டு. 24 வாரத்துக்குப் பின், தாயின் உயிரைக் காக்க உடனடியாகத் தேவைப்பட்டால் ஒழிய, கருவுக்குக் கடும் குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொன்னால் மட்டுமே அனுமதி. அந்த 27 வயதுத் தாய்க்கு மறுக்கப்பட்டதற்குக் காரணமும் அதுவே. அவர் கரு நலமாக இருந்தது. அதாவது கருவின் உயிர்தான் அளவுகோல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், சட்டமோ எந்தக் கருவின் உயிர் என்று பார்க்கிறது. குறைபாடுள்ள கருவுக்குக் கெடு இல்லை. மனம் உடைந்த தாய்க்குக் கெடு உண்டு. மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தினர் இதை நெடுநாளாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் பிறக்காமலிருப்பதே நல்லது என்றல்லவா இது சொல்கிறது என்கிறார்கள். குறைபாடு தெரிந்தபின் கலைக்க முடிவெடுக்கும் பெற்றோரைக் குறை சொல்ல நான் ஆளில்லை. அந்தக் குழந்தையோடு வாழ்ந்து தீர்க்க அரசு என்ன துணை தருகிறது என்பது தெரியும். ஆனால் ஒரு காரணத்தை மட்டும் அறமென்று முத்திரை குத்தி மற்றவற்றை மறுப்பதற்கு நியாயம் எனக்குப் புலப்படவில்லை.

முடிவெடுக்கும் உரிமை என்றாலே கலைக்கும் உரிமை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். 2009-இல் சண்டிகரிலிருந்து வந்த வழக்கு அந்த எண்ணத்தை மாற்றியிருக்க வேண்டும். அரசுக் காப்பகம் ஒன்றில் இருந்த, அறிவுவளர்ச்சி குறைந்த இளம்பெண் அங்கேயே வன்கொடுமைக்கு ஆளாகிக் கர்ப்பமானார். பெற்றோர் இல்லை, பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. அவர் நன்மைக்காகவே கலைத்துவிடலாம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பெண்ணோ பெற்றுக்கொள்ள விரும்பினார். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன், நம் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து போன பி.சதாசிவம், பி.எஸ்.சவுகான் மூவரும் அந்த உத்தரவை நிறுத்தினார்கள். பெறுவதா வேண்டாமா என்ற முடிவு அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தின் பகுதி, அவர் சம்மதமில்லாமல் யாரும் அதைத் தொட முடியாது என்றார்கள். பெற்றே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும், கலைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் ஒரே தவறு என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்த 26 வார வழக்குக்குப் பதினான்கு ஆண்டு முன்பே சொல்லியிருந்தது.

அந்தத் தீர்ப்பை நடைமுறைக்குக் கொண்டுவரப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். கருக்கலைப்புக்கான சம்மதப் படிவத்தின் பெயர் ‘படிவம் சி’. வயதுவந்த பெண் என்றால் அதில் அவள் கையெழுத்துக்கு மட்டுமே இடம் உண்டு. கணவரின் கையெழுத்துக்கென்று மருத்துவமனைகள் வைத்திருக்கும் தனித்தாளை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் தாளை எடுத்துவிடவும், கலைக்க வந்தவளிடம் ஆபரேஷனை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று எழுதி அனுப்பவும், அவசர கருத்தடை மாத்திரையை விற்கலாம் என்று மருந்துக்கடைகளுக்குத் தெளிவாகச் சொல்லவும் சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும்.